மூன்று ஓட்டைகளின் சாட்சியம்

வேட்டைத் துப்பாக்கிகளோடு பழகிய காலத்தை இன்று நினைத்துப் பார்த்தால், முகங்களைவிட முறையீடுகள்தான் முதலில் மேலே வருகின்றன. எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும்: போன சீசனில் ஒழுங்காகச் சுட்டது, இப்போது என்னவோ ஆகிவிட்டது. சொல்பவர் கையில் ஓர் இலக்கு அட்டை இருக்கும். அதில் மூன்று ஓட்டைகள். இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவது இரண்டங்குலம் தள்ளி நிற்கும். அந்த மூன்றாவது ஓட்டைக்கு ஒரு காரணம் வேண்டும். குழல் தேய்ந்துவிட்டதா, ஸ்கோப் போய்விட்டதா, தோட்டாவை மாற்ற வேண்டுமா, மரக்கட்டை ஈரம் குடித்துவிட்டதா? நியாயமான கேள்விகள்தான். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு துப்பாக்கியில் உண்மையாகவும் இருந்திருக்கிறது. ஆனால் அமெரிக்கச் சுடுகளங்களிலும் பழுதுபார்க்கும் மேசைகளிலும் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு என்னுள் படிந்த முடிவு வேறு. துப்பாக்கி கெட்டுப்போவதற்கு வெகு முன்பே நம் கணக்கு கெட்டுப்போய்விடுகிறது. மூன்று ஓட்டைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, அவற்றுக்குத் தெரியாததையெல்லாம் சொல்லவைக்கிறோம். பிறகு அந்தச் சாட்சியத்தை நம்பி, குற்றமே செய்யாத குழலுக்கும் ஸ்கோப்புக்கும் தண்டனை கொடுக்கிறோம்.

ஒரு துப்பாக்கியை அசையாமல் மேசையில் இருத்தி, ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சுட்டாலும் குண்டுகள் ஒரே ஓட்டையில் விழுவதில்லை. நடுவில் அடர்ந்தும் ஓரத்தில் கலைந்தும் சிதறுகின்றன. மல்லிகைச் செடியடியில் உதிர்ந்த பூக்களைப் போன்ற இந்தச் சிதறலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைக் கணக்கிடவும் முடியும். மூன்று குண்டுகளின் கொத்தில் அதிகபட்ச இடைவெளி சராசரியாக ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதே துப்பாக்கியில், அதே தோட்டாவில், ஐந்து குண்டுகளின் கொத்து சராசரியாக ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டும். பத்து சுட்டால் ஒன்றரை அங்குலத்துக்கும் சற்று மேலே போகும். துப்பாக்கி கெடவில்லை. சிதறலின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்க அதற்கு அதிக வாய்ப்புக் கிடைத்தது, அவ்வளவுதான். இதைவிட விஷமமான செய்தி ஒன்று இருக்கிறது. மூன்று குண்டுக் கொத்துகள் தங்கள் சராசரியைச் சுற்றிப் படு மோசமாக ஊசலாடுபவை. சராசரி ஓர் அங்குலமாக உள்ள துப்பாக்கி, எதுவும் மாறாமலே, காலையில் அரை அங்குலம் காட்டிவிட்டு மாலையில் ஒன்றரை அங்குலம் காட்டும். அரை அங்குல அட்டையைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொள்கிறோம். ஒன்றரை அங்குல அட்டையைக் கசக்கி எறிந்துவிட்டு, அன்று காற்று சரியில்லை என்கிறோம். இப்படி நல்லதை மட்டும் சேர்த்துவைத்த நினைவோடு அடுத்த ஆண்டு சுடுகளத்துக்குப் போனால், துப்பாக்கி ‘கெட்டுப்போய்’ இருப்பதில் வியப்பென்ன?

ஸ்கோப்பைத் திருத்துவதிலும் இதே கூத்துதான். பெரும்பாலான அமெரிக்க ஸ்கோப்புகளில் குமிழின் ஒரு க்ளிக், 100 கெஜத்தில் ஏறக்குறைய கால் அங்குலம் நகர்த்தும். ஆனால் மேலே சொன்ன ஓர் அங்குலத் துப்பாக்கியில், மூன்று ஓட்டைகளின் நடுப்புள்ளியே பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் கால் அங்குலம் சர்வ சாதாரணமாகத் தள்ளாடும். அப்படியானால் மூன்று குண்டைச் சுட்டு, ஒரு க்ளிக் வலம் திருப்பி, மறுபடி மூன்று சுட்டு, ஒரு க்ளிக் இடம் திருப்புகிறவர் எதைத் துரத்துகிறார்? தன் நிழலைத்தான். ஒரு பெட்டித் தோட்டா காலியாகும், துப்பாக்கி தொடங்கிய இடத்திலேயே நிற்கும். இந்த ஸ்கோப் க்ளிக்கைப் பிடிப்பதில்லை என்ற தீர்ப்பு மட்டும் மிஞ்சும்.

மோசமான ஒரு கொத்து விழுந்ததும் நாம் சும்மா இருப்பதில்லை என்பதில்தான் முழு வினையும் இருக்கிறது. திருகாணியை முறுக்குகிறோம், குழலைத் தேய்க்கிறோம், வேறு எடைக் குண்டு வாங்குகிறோம், யாரோ சொன்னார் என்று கட்டையின் உட்புறத்தைச் சுரண்டுகிறோம். அடுத்த கொத்து நன்றாக விழுகிறது. மிக மோசமான ஒன்றுக்கு அடுத்து வருவது, எதுவுமே செய்யாவிட்டாலும், பெரும்பாலும் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் காக்கைக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. இந்தத் துப்பாக்கிக்கு இத்தனை எடைக் குண்டுதான் பிடிக்கும் என்பது போன்ற எத்தனையோ வேதவாக்குகள் இப்படிப் பிறந்தவைதான். ஒரே சமயத்தில் மூன்று மாற்றங்களைச் செய்துவிட்டால் இன்னும் மோசம். உண்மையிலேயே சரியாகியிருந்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. தெரியாததால் அடுத்த முறையும் மூன்றையும் செய்ய வேண்டியிருக்கும், அதில் ஒன்று கெடுதல் செய்வதாகவே இருந்தாலும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற இந்தச் சாதாரண ஒழுக்கத்தைத் துப்பாக்கி உலகில் வெறியோடு கடைப்பிடித்தவர் என்று நான் நினைப்பது ஃபிராங்க்ளின் மானை. மாசசூசெட்ஸ்காரர், மருத்துவம் படித்தவர். கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் இயந்திரம் செய்து விற்ற பணத்தைத் தன் ஆராய்ச்சியில் கொட்டினார். 1909-இல் வெளிவந்த அவருடைய புத்தகம், குண்டு குழலை விட்டுக் கிளம்பியதிலிருந்து இலக்கைத் தொடும்வரை அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியது. சுடுபவனின் தோள், மூச்சு, கண் எல்லாவற்றையும் கணக்கிலிருந்து நீக்குவதற்காக, தரையில் ஊன்றிய கனத்த கான்கிரீட் மேடைமேல் குழலை மட்டும் பொருத்திச் சுட்டார். வழியெல்லாம் மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டி, குண்டு எங்கே தலைசாய்க்கிறது என்று பார்த்தார். பிறகு வேண்டுமென்றே குண்டுகளை ஊனப்படுத்தினார். சிலவற்றின் மூக்கைச் சிதைத்தார், சிலவற்றின் அடிப்பாகத்தில் ஒரு பக்கத்தைச் சீவினார். மூக்கு சிதைந்தவை ஓரளவு ஒழுங்காகவே போயின, அடி கோணியவை ஊர் சுற்றின. பார்ப்பவருக்கு மூக்குதான் முக்கியமாகத் தெரியும், கடையில் குண்டு வாங்குகிறவர் இன்றும் மூக்கைத்தான் உற்றுப் பார்க்கிறார். குண்டு குழல்வாயைக் கடக்கும் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வாயு அடிப்பாகத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டால் அதற்கு மேல் எதுவும் செய்வதற்கில்லை. குழல்வாயின் விளிம்பில் நகம் இடறும் அளவுக்கு ஒரு பொளிவு இருந்தாலும் அதே கதி நேரலாம். துப்பாக்கியை வாய்ப்புறம் கீழாக ஜீப்பின் தளத்தில் சாய்த்து எடுத்துப்போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

கணக்கைச் சரியாக வைத்துக்கொண்ட பிறகும் துப்பாக்கி தன் வழக்கத்தைவிட நிச்சயமாக மோசமாகச் சுடுகிறது என்றால், அப்போது தேடலாம். தேடும் வரிசை, செலவில்லாததில் தொடங்கிச் செலவு கூடியதை நோக்கிப் போக வேண்டும். அந்த வரிசையில் முதலில் வருவது திருகாணிதான். ஸ்கோப்பின் அடித்தளத்தைப் பிடித்திருப்பவை மிகச் சிறிய திருகாணிகள். அவற்றில் ஒன்று அரைச் சுற்று தளர்ந்திருந்தால், மேலே பூட்டிய வளையங்களை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. வளையங்களை அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. பொதுவாக 15 முதல் 20 அங்குல-பவுண்டு போதும், அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே இருப்பது சிக்கிக்கொள்ளும். அடுத்தது கட்டை. மரமும் இரும்பும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. அந்தத் தொடுவுணர்வு இன்றும் விரலில் இருக்கிறது. துப்பாக்கியை அடிக்கட்டை தரையில் ஊன்ற நிமிர்த்திப் பிடித்து, முன்கட்டையின் நுனியும் குழலும் சந்திக்கும் விளிம்பில் ஒரு விரலை இரண்டின் மேலும் படும்படி வைக்க வேண்டும். மறு கையால் முன்திருகாணியை மெல்லத் தளர்த்த வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. இல்லாவிட்டால், ரயில் வரும் முன் தண்டவாளத்தில் கைவைத்ததுபோல, கண்ணுக்குத் தெரியாத ஓர் அசைவு விரல்நுனியில் ஊரும். வளைத்துக் கட்டப்பட்டிருந்த இரும்பு அப்போது நிமிர்கிறது. ஒவ்வொரு வேட்டுக்கும் அது வேறு வேறு விதமாக வளைந்து நிமிர்ந்தால் குண்டுகள் ஒரு கொத்தாக விழாமல் இரண்டு கொத்துகளாகப் பிரிந்து விழும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பதும் உண்டு. எங்காவது தடுத்தால் அங்கே மரம் தொடுகிறது என்று பொருள். ஆனால் தொடுவதெல்லாம் குற்றம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரெமிங்டன் 700-இன் பழைய கட்டைகள் பலவற்றில், முன்நுனியில் குழலைச் சற்று மேல்நோக்கி அழுத்தும் மேடு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தது. 1936-இல் வந்த வின்செஸ்டர் 70-இலோ முன்கட்டையைக் குழலோடு பிணைக்கும் தனித் திருகாணியே உண்டு. நோட்டு தடுக்கிறதே என்று மரத்தைச் சுரண்டியவர்களில் சிலர் நல்ல துப்பாக்கியைக் கெடுத்திருக்கிறார்கள். சுரண்டிய மரம் திரும்ப வளராது.

ஸ்கோப்பைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. நம்பகமான இன்னொன்றை எடுத்துப் பூட்டிச் சுட்டால் போதும், கோளாறு கூடவே வருகிறதா, போய்விடுகிறதா என்று தெரிந்துவிடும். குழலுக்குள் படியும் செம்பு விஷயம் இன்னும் சுவாரசியமானது. அமோனியா கலந்த திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணித்துண்டை உள்ளே தள்ளி எடுத்தால், செம்பு இருக்கும் குழலிலிருந்து அது மயில் கழுத்து நிறத்தில் வெளியே வரும். அந்த நீலத்தைப் பார்த்ததும் நோயைக் கண்டுபிடித்த மருத்துவரின் பரவசம் வந்துவிடும். ஆனால் தேய்க்கப் பயன்படுத்திய வெண்கலத் தூரிகையிலும் செம்புதான் இருக்கிறது. தூரிகையே அந்த நீலத்தைக் காட்டும். அதைக் குழலின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தேய்த்தவர்கள் ஏராளம். மருந்து நோயைவிட மோசமாகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. முதல் உலகப் போரையொட்டிய காலத்தில் அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியின் குண்டுகள் செம்பும் நிக்கலும் கலந்த உறையுடையவை. அந்த உறை குழல்வாய்ப் பக்கம் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு குறியைக் கெடுத்தது. சுடுபவர்கள் குண்டின்மேல் கிரீஸ் தடவத் தொடங்கினார்கள். கட்டி குறைந்தது. 1921 தேசியப் போட்டிக்கு ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலை கிரீஸே தேவைப்படாதபடி வெள்ளீயம் பூசிய குண்டுகளைச் செய்து கொடுத்தது. வெள்ளீயமோ தோட்டாவின் பித்தளைக் கழுத்தைப் பற்றவைத்ததுபோலப் பிடித்துக்கொண்டது. பழக்கதோஷத்தில் அதன்மேலும் கிரீஸ் தடவிச் சுட்டபோது அறைக்குள் அழுத்தம் எகிறியது. இரண்டு மருந்துகளும் தனித்தனியே வேலை செய்தவைதான், சேர்ந்தபோதுதான் ஆபத்து. செம்போடு சிறிது துத்தநாகம் சேர்த்த உலோகத்தில் உறையையே மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

சுடுபவரைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு மேல் சொன்னால் யாரும் கேட்பதில்லை. வெடிக்கும் என்று தெரிந்த உடம்பு வெடிப்பதற்கு முன்பே சுளிக்கும். அவருக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவைக் கலந்து கொடுத்தால், வெடிக்காத அந்த வேட்டில் குழல்வாய் கீழே குத்துவதைப் பக்கத்தில் நிற்கும் யாரும் பார்க்கலாம். பழுதுக்கு வந்த துப்பாக்கிகளில் எத்தனையோ இந்த ஒரு சோதனையோடு குணமாகிப் போயின. உடையவர்கள் மட்டும் அவ்வளவு மகிழ்ச்சியாகப் போகவில்லை.

இத்தனை கணக்கும் சோதனையும் எதற்கு, அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் இதெல்லாம் இல்லாமலே அடிக்கவில்லையா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவற்றை, யானைக்கு மிகச் சிறியது என்று மற்றவர்கள் சிரித்த ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கியால் வீழ்த்தினார். எண்ணிக்கையைப் படிக்கும்போது இன்று வயிறு புரட்டுகிறது. மானின் நெஞ்சறை எட்டங்குல அகலம் என்று வைத்துக்கொண்டாலும், 100 கெஜத்தில் இரண்டங்குலக் கொத்து விழும் துப்பாக்கி அதற்குத் தாராளம். அந்த வகையில் முறையீடுகளில் பாதி, வேட்டைக்குத் தேவையே இல்லாத நுட்பத்துக்காக அழும் அழுகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழையவர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தியாவுக்கு வந்த இரட்டைக் குழல் துப்பாக்கிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு குழல்களும் ஒரே புள்ளியில் சுடும்படி, பட்டறையில் ஆப்பு வைத்துப் பற்றவைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி உருக்கித் திருத்துவார்கள். ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு, ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கு மட்டுமே அந்தப் பொருத்தம் நிற்கும். அந்த மருந்து கார்டைட். நம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள அரவங்காட்டில் 1903-இல் அமைந்த தொழிற்சாலையின் பெயரிலேயே இருப்பது. கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் அழுத்தமும் வேகமும் கூடும். இங்கிலாந்தின் குளிரில் சேர்த்துவைத்த இரு குழல்களின் குண்டுகள், சமவெளியின் கோடையில் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கே போய்விடும். அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்தார்கள். துப்பாக்கி எந்த ஊருக்குப் போகிறது என்பது அதன் குறியில் ஒரு பகுதி என்று அந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

குறி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி வெளியில் எங்கும் தேட வேண்டியதில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியை ஜிம் கார்பெட் 1907-இல் வீழ்த்தினார். அதன் வலப்புறத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருந்தன. பழைய குண்டுக்காயத்தால் உடைந்தவை, அதனால்தான் அது தன் இயல்பான இரையை விட்டு மனிதர்களைத் தேடியது என்று அவரே எழுதியிருக்கிறார். யாரோ எப்போதோ சுட்ட அந்தக் குண்டு இரண்டங்குலம் விலகியதா, இருபதங்குலமா, யாருக்குத் தெரியும்? அதே வேட்டையின் கடைசிக் கட்டம் இன்னும் நெருக்கமான பாடம். கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்துபோய், கார்பெட் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புலியை நெருங்குகிறார். அந்தத் துப்பாக்கியின் குழலுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய எட்டில் மூன்று அங்குல இடைவெளி. சுமார் 20 அடி தூரத்திலிருந்து, திறந்திருந்த வாயைக் குறிவைத்தார். குண்டு பட்டது முன்பாதத்தில். ஏற்கெனவே அடிபட்டிருந்த புலி என்பதால் கதை நல்லபடியாக முடிந்தது. கிட்டத்தில் சுடுவதற்குக் குறி எதற்கு என்பவர்களுக்கு இந்தப் பாதத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது. இன்று இந்தியாவில் விளையாட்டு வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளிலோ, காயத்தோடு ஓடி மறையும் விலங்கை நினைப்பவருக்கு இந்த ஓட்டைக் கணக்கு பொழுதுபோக்காக இருக்க முடியாது.

செலவைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதும் உண்டு. தோட்டா விற்கும் விலையில் யார் இருபது சுட்டு எண்ணிக்கொண்டிருப்பது? ஆனால் எண்ணாதவர்கள் மிச்சம் பிடித்ததாகத் தெரியவில்லை. மூன்று மூன்றாக எட்டு வகைத் தோட்டாவைச் சோதித்து, எட்டிலும் ஒன்றும் விளங்காமல், கடைசியில் புது ஸ்கோப் வாங்கியவரின் செலவில், ஒரே வகையில் இருபது சுட்டு உண்மையைத் தெரிந்துகொண்டு மிச்சத்தில் ஒரு மாதம் பயிற்சியும் செய்திருக்கலாம்.

மெய்யான எதிர்வாதம் இன்னொன்று இருக்கிறது. அதை வேட்டைக்காரர்தான் சொல்ல முடியும். வேட்டைத் துப்பாக்கியின் குழல் மெல்லியது, மலையேறித் தூக்கிப்போவதற்காக அப்படிச் செய்யப்பட்டது. பத்தைத் தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி, குண்டுகள் ஒரு பக்கமாக ஏறிக்கொண்டே போகும். காட்டில் அவருக்குக் கிடைப்பதோ குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு குண்டு. அப்படியிருக்க, பத்துக் குண்டுக் கொத்து அவருடைய துப்பாக்கியைப் பற்றி என்ன சொல்லிவிடும்? சரியான பேச்சு. ஆனால் அதிலிருந்து மூன்றே போதும் என்ற முடிவு வராது. மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் கூடக் குளிர்ந்த குழலின் குண்டுகள் இல்லையே. அவருக்குத் தேவையான கேள்வியைக் கேட்பதற்கு எளிய வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். சுடுகளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும், முதல் குண்டை மட்டும் தனி அட்டையில், அதே தூரத்தில், அதே புள்ளியைப் பார்த்துச் சுட வேண்டும். ஓரத்தில் தேதி, வெயிலா மழையா, குழல் துடைத்ததா துடைக்காததா என்று பென்சிலால் குறித்துவிட்டு அட்டையை எடுத்து வைத்துவிட வேண்டும். அன்று மற்றதை எப்படி வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளலாம். சில மாதங்களில் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் சேரும். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஓட்டை. புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, எல்லா ஓட்டைகளையும் ஒரே தாளில் குத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், குளிர்ந்த குழலின் கொத்து அங்கே இருக்கும். துடைத்த குழலின் ஓட்டைகள் மட்டும் சற்று மேலே விலகி நிற்கலாம், மழைநாள் ஓட்டை ஒன்று இடப்பக்கம் ஒதுங்கியிருக்கலாம். முறையீட்டோடு வருகிறவர் அந்தத் தாளைக் கொண்டுவந்தால், திருப்புளியை எடுப்பதற்கு முன்பே பேசுவதற்கு நிறைய இருக்கும்.